மழை விட்ட மலையில் டென்சிங்



சென்ற வாரம் மாலை நடையின்போது மூன்று வீட்டுக்காரர்கள் என்னை நிறுத்தி ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். பூஜா விடுமுறையில் பிள்ளைகளோடு டார்ஜிலிங் போய், அங்கிருந்து சந்தக்பூ வரை நடக்கப் போகிறார்களாம். வங்கியில் இருந்த காலத்தில் எல்.டி.சி.யில் இரண்டு முறை அந்தப் பக்கம் போய் வந்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார்கள். அக்டோபரில் அங்கே மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், ஆகையால் பயப்பட ஒன்றுமில்லை என்பது அவர்கள் எண்ணம். வானம் பளிச்சென்று இருக்கும் என்பது சரிதான். மற்றதைச் சொல்ல அந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரைத் துணைக்கு அழைக்கலாம் என்று தோன்றியது. அவர் டென்சிங் நார்கே.

1953 மே 29-ஆம் தேதி எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள் என்று நீங்களும் நானும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அதற்கு ஆறு மாதம் முன்பு, 1952 நவம்பரில், மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருந்த அதே மலையிலிருந்து அவர் தோற்றுத் திரும்பினார். அதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. எனக்கு அந்த நவம்பர்தான் பெரிதாகப் படுகிறது.

அவர் பிறந்தது 1914-ஆம் ஆண்டு என்பது வழக்கம். திபெத்தின் கார்ட்டா பள்ளத்தாக்கிலா, நேபாளத்தின் தாமே கிராமத்திலா என்பதில் இன்றும் தகராறு உண்டு. அப்பா யாக் மாடு மேய்ப்பவர். பதின்மூன்று பிள்ளைகளில் டென்சிங் பதினோராவது. பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்துப் பெரிய லாமாதான் டென்சிங் நார்கே என்று மாற்றினார். பள்ளிக்கூடம் போனதில்லை. கடைசிவரை எழுதப் படிக்க அவருக்குச் சரியாக வராது. ஆனால் ஏழெட்டு மொழிகள் பேசுவார். நம் வங்கியில் ஆறு பாஷை படித்துவிட்டு வாடிக்கையாளரிடம் ஒன்றிலும் பேசாதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

1932 வாக்கில், பதினெட்டு வயதில், வீட்டை விட்டு ஓடி டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். மலையேற வருகிற வெள்ளைக்காரர்கள் சுமை தூக்க ஆள் எடுப்பது அந்த ஊரில்தான். 1933-இல் ஆள் எடுத்தபோது இவரைக் கழித்துவிட்டார்கள். நீளச் சடையை வெட்டி நேபாளிகள் மாதிரி உடுத்திக்கொண்டு போய் நின்றதால், இவன் ஷெர்பாவே இல்லை என்று நினைத்தார்களாம். 1935-இல் எரிக் ஷிப்டன் கடைசி நேரத்தில் இன்னும் ஓரிருவர் வேண்டுமென்று பார்த்தபோது, இந்தப் பையனின் சிரிப்பு பிடித்துப்போய்ச் சேர்த்துக்கொண்டார். நாள் கூலி 12 அணா. பனிக்கோட்டுக்கு மேலே போனால் ஒரு ரூபாய்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அன்று எவரெஸ்ட்டுக்குப் போவது என்றால் திபெத் வழியாகத்தான். தெற்கே நேபாளம் வெளிநாட்டாரை உள்ளே விடாமல் கதவை அடைத்திருந்தது. லாசாவிலிருந்து அனுமதிச் சீட்டு வர வேண்டும், டார்ஜிலிங்கிலிருந்து சிக்கிம் வழியாகத் திபெத்துக்குள் வாரக்கணக்கில் நடக்க வேண்டும். 1935, 1936, 1938 என்று மூன்று முறை டென்சிங் அந்த வழியாகவே போனார். 1938-இல் மேலே கடைசி முகாம்வரை சுமை கொண்டுபோனவர்களில் ஒருவர் என்பதால் ‘புலி’ என்ற பதக்கம் கிடைத்தது. பிறகு உலகப் போர். அந்த ஆண்டுகளைச் சித்ராலில் ஒரு ராணுவ அதிகாரியிடம் வேலை பார்த்துக் கழித்தார். முதல் மனைவி தாவா புட்டி அங்கேதான் 1944-இல் காலமானார். இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு டார்ஜிலிங் திரும்பியவருக்கு வேலையும் இல்லை, கையில் பணமும் இல்லை.

1947-இல் ஏர்ல் டென்மன் என்ற கனடாக்காரர் வந்து, அனுமதி எதுவும் இல்லாமல் திருட்டுத்தனமாகத் திபெத்துக்குள் நுழைந்து எவரெஸ்ட் ஏறலாம் என்றார். அறிவுள்ளவன் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று டென்சிங்குக்கே தெரியும். ஆனாலும் போனார். போதுமான துணிமணியோ கூடாரமோ இல்லாமல் பாதி மலையிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. அனுமதி இல்லாமல் அவர் போன ஒரே பயணம் அது என்று நினைக்கிறேன். பிடிபட்டிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சிறிது காலத்திலேயே கதவுகள் இடம் மாறின. 1949-இல் நேபாளம் திறந்தது. 1950-இல் திபெத் மூடியது. முப்பது வருடமாக எல்லோரும் வடக்கிலிருந்து பார்த்த மலையை இனித் தெற்கிலிருந்து புதிதாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் 1950-இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சந்தக்பூ போகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். தார்ன்லி, கிரேஸ், மார்ஷ் என்ற மூன்று இளம் ஆங்கிலேயர்களுடன் டென்சிங்கும் வேறு மூன்று ஷெர்பாக்களும் காரகோரம் பக்கம் போனார்கள். எல்லைப் பகுதிக்கான அனுமதி ரத்தாகித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வந்தது வீணாகக் கூடாதே என்று, 8,126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்பத்துக்குத் திரும்பினார்கள். அப்போது நவம்பர். 1937-இல் ஒரே இரவில் பனிச்சரிவு 16 பேரைப் புதைத்த மலை அது. கொஞ்ச தூரம் ஏறியதும், இந்தப் பருவத்தில் இதற்கு மேல் போவது சாவுதான் என்று ஷெர்பாக்கள் நின்றுவிட்டார்கள். டென்சிங்கும் மறுத்துவிட்டார். வாக்குவாதம் நடந்தது. மூன்று பேரும் தாங்களாகவே சுமையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். மார்ஷ் மட்டும் கால் மரத்துப்போய் இறங்கி வந்தார். மற்ற இருவரின் கூடாரம் கீழிருந்து பார்க்கத் தெரிந்துகொண்டிருந்தது, ஒரு நாள் காலையில் காணவில்லை. தேடப் போன டென்சிங்கும் மார்ஷும் ஆழமான பனியில் மேலே செல்ல முடியாமல் திரும்பினார்கள். கூலிக்குப் போன ஆள், எஜமானர் சொல்லியும் மறுப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல. அடுத்த வேலை கிடைக்காமல் போகலாம்.

இனி 1952-க்கு வருவோம். அந்த ஆண்டு எவரெஸ்ட்டுக்கான அனுமதியை நேபாள அரசு சுவிட்சர்லாந்துக்குக் கொடுத்தது. 1953 பிரிட்டனுக்கு, 1954 பிரான்சுக்கு. ஒரு வருடம் ஒரு நாடு. இது எப்படிப்பட்ட நெருக்கடி என்று பாருங்கள். சுவிஸ்காரர்கள் தங்கள் வருடத்தில் ஏறாவிட்டால், அடுத்த வருடம் வேறு ஆள் ஏறிவிடுவான்.

அந்த வசந்த காலத்தில் டென்சிங் ஷெர்பாக்களின் மேஸ்திரியாகப் போனார். சுவிஸ்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்துக்கொண்டார்கள். மலையேறும் குழுவின் முழு உறுப்பினர் என்ற தகுதி அவருக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. ரெய்மன் லாம்பெர் என்ற சுவிஸ்காரரோடு அவருக்குச் சகோதரப் பாசம் ஏற்பட்டது. லாம்பெருக்குக் கால் விரல்களே கிடையாது, 1938-இல் ஆல்ப்ஸ் மலைக் குளிரில் போய்விட்டன. இவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு நேபாளி தெரியாது. தூங்கும் பையும் அடுப்பும் இல்லாமல் ஒரு சிறு கூடாரத்தில் இரவைக் கழித்து, மெழுகுவர்த்தியில் பனியை உருக்கிக் குடித்து, மறுநாள் மே 28 அன்று சுமார் 8,595 மீட்டர்வரை ஏறினார்கள். அதுவரை அவ்வளவு உயரம் ஏறித் திரும்பி வந்தவர்கள் வேறு யாரும் இல்லை. உச்சிக்கு இன்னும் 250 மீட்டர்தான். நம் கட்டடத்தைப் போல ஐந்தாறை அடுக்கினால் வருகிற உயரம்.

வருடம் முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. அனுமதியும் இருந்தது. ஆகையால் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி வருவது என்று முடிவு செய்தார்கள். மழைக்குப் பிந்திய பருவத்தில் எவரெஸ்ட் உச்சிக்கு நடந்த முதல் முழு முயற்சி அதுதான். பருவம் பார்த்து அவர்கள் வரவில்லை, அனுமதிச் சீட்டின் கடைசித் தேதியைப் பார்த்து வந்தார்கள்.

அந்தப் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் தென்மேற்குப் பருவக்காற்று இமயமலையிலிருந்து விலகுகிறது. நமக்கு ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் அங்கே வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். தூசி கிடையாது, தொலைவில் உள்ள சிகரமும் கையெட்டும் தூரத்தில் தெரியும். வசந்தத்தில் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடச் சூடு ஏறும். இங்கே ஒவ்வொரு நாளும் குளிர் ஏறும், பகல் குறையும். மழைக்காலத்தில் உயரத்தில் கொட்டிய பனி இன்னும் இறுகாமல் சரிவுகளில் உட்கார்ந்திருக்கும், அது சரியலாம். இவற்றுக்கு மேலே காற்று. மிக உயரத்தில் ஓடும் மேலைக் காற்றோட்டம் கோடையில் இமயத்துக்கு வடக்கே விலகி, மழைக்காலம் முடிந்ததும் தெற்கே திரும்பி வந்து சிகரங்களின் மேலேயே அமர்ந்துவிடுகிறது. மே கடைசியில் உச்சியில் காற்று ஓயும் சில நாட்கள் கிடைக்கும். நவம்பரில் அது கிடைப்பது அரிது. செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் கடைசிக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி உண்டு, அதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். காசோலைக்குச் செல்லுபடித் தேதி உண்டு என்பதுபோலத்தான்.

சுவிஸ் குழு செப்டம்பரில் காட்மண்டுவிலிருந்து கிளம்பியது. லுக்லாவில் விமானத் திடல் வந்தது 1964-இல். அதனால் வால்மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு வாரக்கணக்கில் நடந்துதான் அடிவாரம் சேர வேண்டும். கும்பு பனியருவியைக் கடந்து மேலே முகாம்கள் போட்டு, லோட்ஸே சிகரத்தின் பெருஞ்சரிவுக்கு அருகே வரும்போதே அக்டோபர் முடிந்துவிட்டது. அக்டோபர் 31 அன்று மேலிருந்து விழுந்த பனிக்கட்டிகள் தாக்கி மிங்மா டோர்ஜே என்ற ஷெர்பா இறந்தார். டென்சிங்தான் அவர்களுக்கெல்லாம் பொறுப்பாளர். திரும்பிப் போவதா, மேலே போவதா என்று ஷெர்பாக்கள் பேசி, தொடர்வது என்று முடிவு செய்தார்கள். ஆனால் பழைய வழி வேண்டாம் என்று பாதை மாற்றினார்கள். வசந்தத்தில் ஏறிய செங்குத்தான பாறை முகட்டை விட்டுவிட்டு, லோட்ஸே சரிவின் வழியே சுற்றிக்கொண்டு போகும் புதுப் பாதை.

புதுப் பாதை போட நாள் பிடித்தது. தெற்குக் கணவாயை அடையும்போது நவம்பர் 19. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 30 டிகிரி, அதோடு நிற்க விடாத காற்று. மறுநாள் லாம்பெரும் டென்சிங்கும் எர்ன்ஸ்ட் ரைஸும் சில ஷெர்பாக்களும் ஏறினார்கள். சுமார் 8,100 மீட்டரில் முடியாது என்று தெரிந்துவிட்டது. திரும்பினார்கள். வானத்தில் அன்று மேகம் தடையாக இல்லை என்பதை நினைவில் வையுங்கள். டென்சிங் உடல் தளர்ந்து மலேரியாவும் சேர்ந்துகொள்ள, பாட்னாவில் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

ஒரே ஆண்டில் இரண்டு தோல்வி. வங்கியாக இருந்தால் இதை வாராக்கடன் என்று எழுதிவிடுவோம். ஆனால் அடுத்த ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 1953-இல் ஜான் ஹண்ட் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குழு தெற்குக் கணவாய்க்கு ஏறியது அதே லோட்ஸே சரிவுப் பாதையில்தான். சுவிஸ்காரர்கள் விட்டுப்போன உணவுப்பொருள் சில அங்கே பனியில் கெடாமல் கிடந்து பயன்பட்டன. அந்தப் பாதையை உடம்பால் அறிந்தவர் டென்சிங். இன்றைக்கும் நேபாளப் பக்கமிருந்து ஏறுகிற கூட்டம் முழுவதும் அந்த அக்டோபர், நவம்பரில் கண்டுபிடித்த வழியில்தான் போகிறது.

1953-இன் கதை உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். பனியருவியில் ஹிலாரி பிளவுக்குள் விழுந்தபோது கயிற்றை இழுத்துப் பிடித்தவர் டென்சிங். கடைசி முகாமில் ஹிலாரி பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்தார், காலையில் அவை கல்லாக உறைந்திருந்தன. டென்சிங் காலிலிருந்து கழற்றவே இல்லை. நவம்பர் குளிரைப் பார்த்தவர் அல்லவா! காலை 11.30 மணிக்கு உச்சி. கழுத்தில் லாம்பெர் கொடுத்த சிவப்புத் துணி. பனியில் இனிப்புகளும், இளைய மகள் நீமா கொடுத்தனுப்பிய சிவப்பு நீலப் பென்சிலும் வைத்தார். யார் முதலில் கால் வைத்தது என்று இரண்டு வருடம் ஊர் சண்டை போட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

பிறகு நடந்ததுதான் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தில்லிக்கு வந்த டென்சிங்கிடம் நல்ல உடுப்பு இல்லை என்று பார்த்த நேரு, தம் அலமாரியைத் திறந்து தம் உடைகளைக் கொடுத்தார். அளவும் சரியாக இருந்தது. அடுத்த ஆண்டு, 1954 நவம்பர் 4 அன்று, டார்ஜிலிங்கில் இமயமலை ஏற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கியது. முதலில் ராய் வில்லா என்ற பழைய மாளிகையில், பிறகு 1958 முதல் இப்போதைய ஜவாஹர் பர்பத்தில். அதற்கு முன்பே டென்சிங் சுவிட்சர்லாந்து போய், சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கற்று வந்தார். உலகப் புகழ் வந்த நாற்பதாவது வயதில் மாணவனாக உட்கார்ந்தார். களப் பயிற்சி இயக்குநராக 1976 வரை இருந்தார். மழைக்கு முன் ஒரு பருவம், மழைக்குப் பின் ஒரு பருவம் என்று, மாணவர்களை யுக்சமிலிருந்து ஜோங்ரி வழியாக ரதோங் பனியாறு வரை அழைத்துப்போவது இன்றும் அங்கே நடக்கும் முறை. 1959-இல் பத்ம பூஷண் கிடைத்தது. அவருடைய அக்கா மகனான நவாங் கோம்பு 1963, 1965 என இரண்டு முறை எவரெஸ்ட் ஏறிய முதல் மனிதர் ஆனார்.

மழைக்குப் பிந்திய பருவத்தில் எவரெஸ்ட் உச்சியை யாராவது தொட இன்னும் 21 வருடம் ஆயிற்று. 1973 அக்டோபர் 26 அன்று இஷிகுரோ, கட்டோ என்ற இரண்டு ஜப்பானியர் ஏறினார்கள். 1975-இல் பிரிட்டிஷ் குழு தென்மேற்கு முகத்தில் ஏறியது செப்டம்பர் 24 அன்று. தேதிகளைக் கவனியுங்கள். டென்சிங்கும் லாம்பெரும் கணவாயை அடைந்த நவம்பர் 19-இலிருந்து இவை எவ்வளவு முன்னால் இருக்கின்றன!

நீங்கள் போவது 3,636 மீட்டர் உயரச் சந்தக்பூதான், எவரெஸ்ட் அல்ல. ஆனாலும் காலண்டர் அதேதான். சிங்கலிலா தேசியப் பூங்கா மழைக்காலத்தில் மூடியிருந்து செப்டம்பர் நடுவில் திறக்கும். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள். அங்கே சூரியன் மாலை ஐந்து மணிக்கே மறைந்துவிடும், சென்னை நினைப்பில் மூன்று மணிக்கு டீ குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சிக்கிமில் ஜோங்ரி பக்கம் போக இந்தியருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். டென்சிங் தம் ஏற்றங்களிலேயே கடினமானது என்று கருதிய கிழக்கு நந்தா தேவியைப் பற்றிக் கேட்டார் ஒருவர். நந்தா தேவியின் உட்பகுதி 1983-இல் மலையேறுவோருக்கு மூடப்பட்டது, அது வேறு கதை.

நம் வங்கக் கடலையும் மறக்க வேண்டாம். அக்டோபர் புயல் நமக்கு மட்டும் சொந்தமல்ல. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் மிச்சம் இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும்பனியாகக் கொட்டி, நடைபயணம் போன நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில் பயிற்சிக்கு ஏறியவர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. எனவே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னால், குடை எடுத்து வைப்பதோடு நிற்காமல், மலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு போன் செய்யுங்கள். பணம் கட்டியாயிற்றே என்று மேலே போகச் சொல்லாதீர்கள்.

டென்சிங் 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் காலமானார். பயிற்சிக் கழக வளாகத்திலேயே எரியூட்டினார்கள். அப்போது தில்லியில் நியூசிலாந்துத் தூதராக இருந்த ஹிலாரி வந்து நின்றார். அந்த இடமும், அவர் சிலையும், பக்கத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கின்றன. மிருகக்காட்சிசாலை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வியாழக்கிழமை விடுமுறை, எதற்கும் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். லெபோங் சாலையில் டென்சிங் பாறை என்று ஒன்று உண்டு, பிள்ளைகள் அதில் கயிறு கட்டி ஏறிப் பார்க்கலாம். என் மகன் பத்து வயதில் பாதி ஏறிவிட்டு இறங்கிவிட்டான், நான் கால் வைக்கவே இல்லை.